மலையக நீலப் பாட்டு

டைல்ஸ் அடுக்கி வரும் மரப்பலகைச் சட்டங்கள் ஆறு. அவற்றை ஒன்றோடொன்று நெருக்கிப் போட்டால் மேடை. மேடையின்மேல் ஆறடிக்கும் அதிக உயரமான ஒரு கறுப்பு அமெரிக்கர், கழுத்தில் சிவப்பு கிதார். அவருக்குப் பின்னால், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டிய ஒரு வெள்ளை பெட்ஷீட்.

பெட்ஷீட்டை யார் கட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. மேடை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார். அதைத் தொட்டுப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து நன்றிகூடச் சொன்னார்.

"படம் எப்பப்பா போடுவாய்ங்க?" என்றார் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"இருய்யா, மொதல்ல பாட்டு. அப்பறந்தான் படம்."

"வெளிச்சமா இருக்கே, தெரியுமா?"

நான் திரும்பவில்லை. கக்கத்தில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் இருபது காகிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கொட்டை எழுத்தில் 'திருத்தம்' என்று நானே அடித்திருந்தேன். இருபதில் ஒன்றைக்கூட ஒட்டவில்லை. டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைப் பிற்பகல், ராஸ் அல் கைமா என்ற வளைகுடா ஊரில் வருடத்துக்கு ஒருமுறை வரும் நல்ல வெயில். எனக்கு மட்டும் வேர்த்தது.

ஒரு தூய தமிழனின் கைவேலை

சென்ற வாரம் அச்சகத்து மேல்மாடி அறையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த வாசகி ஒருவர், 'கவிதை எழுதுகிற ஆளுக்கு அங்கே என்ன வேலை கொடுத்தார்கள்?' என்று கேட்டிருக்கிறார். அம்மா, கவிதையைத் தவிர எல்லா வேலையும் கொடுத்தார்கள். விசிட்டிங் கார்டு, சாப்பாட்டுக் கடை மெனு, 'இங்கே எச்சில் துப்பாதே'. எச்சில் துப்பாதேவை மட்டும் நான் பதினோரு விதமாக எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு எதுகையோடு வரும்.

அந்த நாளில் தமிழ் எழுத்துரு ஒரு கணினியில் தமிழாக இருக்கும், பக்கத்துக் கணினிக்குப் போனால் கட்டெறும்பு வரிசையாகிவிடும். அதனால் தமிழ் வேலை முழுக்க என் ஒரே மேசையில்தான். நான் அடித்ததை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கிற வழியே இல்லை. நான் எழுதியதே வேதம்.

ஒரு திங்கட்கிழமை, டைல்ஸ் கம்பெனித் தொழிலாளர் தங்கும் கேம்பின் பாஸ் ஜமீல் பாய் வந்தார். பெஷாவர் பக்கத்து ஆள், மீசைக்கு மருதாணி போட்டிருப்பார். ஒரு ஆங்கிலத் தாளை என் மேசையில் வைத்து, "தமிழ் பனாவ் பாய், ஜல்தி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உருதுவும் இந்தியும் மலையாளமும் வேறு ஆட்களிடம் போயிருந்தன.

தாளில் மொத்தம் நாலு வரி. கால்வின். ஹில் கன்ட்ரி ப்ளூஸ். ஜூக் ஜாயின்ட். ஃப்ரைடே.

ஹில் கன்ட்ரி என்றால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலத் தினசரிகளில் இலங்கையின் தேயிலை மலையை அப்படித்தான் எழுதுவார்கள். மலையகம். கால்வின் என்பது அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கும். முடிந்தது.

ப்ளூஸ். இங்கேதான் எனக்குள் இருந்த தூயவன் விழித்துக்கொண்டான். ஊரில் இரண்டு சிறுபத்திரிகைகளில் கவிதை வந்த கர்வம் அப்போது ஆறாமல் இருந்தது. 'ப்ளூஸ்' என்று தமிழில் எழுதக் கை கூசியது. நீலம்! கடலின் நீலம், கண்டத்தில் நின்ற விஷத்தின் நீலம், வெல்டிங் பொறியின் ஓரத்து நீலம், மருதாணி மீசைக்காரர் கொண்டுவந்த கார்பன் தாளின் நீலம். என் மனம் அத்தனை நீலத்துக்கும் போய் வந்தது. தமிழன் எவனும் 'நீலம்' என்றதும் முதலில் நினைக்கிற அந்த ஒரு நீலத்துக்கு மட்டும் போகவில்லை. கவிஞர்களின் கோளாறு இதுதான். உலகத்துக்கே தெரிந்தது எங்களுக்குத் தெரியாது.

ஜூக் ஜாயின்ட் என்பது எழுத்துப் பிழை. வேறென்ன? அடித்தவன் விரல் வழுக்கியிருக்கிறது. ஜூஸ் என்று இருக்க வேண்டும். இந்த நாட்டில் தெருவுக்கு மூன்று ஜூஸ் கடை. பெருந்தன்மையாகத் திருத்தினேன்.

ஆக, நாற்பது பிரதிகள்:

'மலையகப் பாடகர் கால்வின் வழங்கும் நீலப் பாட்டு. ஜூஸ் கடை. வெள்ளி பிற்பகல். அனைவரும் வருக.'

படித்துப் பார்த்தபோது கண் கலங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது.

சுவரில் ஓர் ஊர்

புதன்கிழமை மீதி நோட்டீஸைக் கொடுக்கக் கேம்புக்குப் போனேன். வாசலிலேயே ஒருவர் வழிமறித்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை முழுக்க டைல்ஸுக்கு மெருகு பூசும் பால் போன்ற கலவை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"தம்பி, நீங்கதான இத எழுதினது?"

"ஆமாண்ணே."

"நான் சிவனு. ஹட்டன் பக்கம், தோட்டம். பதினாலு வருசமா இந்தக் கேம்புல இருக்கேன் தம்பி. எங்க ஊரு பேர ஒரு செவத்துல இப்பத்தான் பாக்குறேன்."

சிவனு அண்ணனின் சங்கடம் எளிமையானது. கடலூர்க்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் அவரைச் 'சிலோன்' என்பார்கள். சிங்கள நண்பர்கள் அவரை 'இந்தியா' என்பார்கள். டைம் ஆபீஸில் ஆள் கணக்கு எழுதும் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டையும் சொல்லமாட்டார். அவர் சொல்வது ஒரே சொல்: "தோட்டம்." 'டேய் தோட்டம், பஞ்ச் கார்டு எங்க?' அந்தச் சொல்லில் ஒரு வேலியும் ஒரு கேட்டும் இருக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் சிவனு.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் தம்பி" என்றார். "அஜ்மான், சார்ஜா, எங்க எங்க நம்ம ஆளுக இருக்கோ அங்கெல்லாம் போன் போட்டாச்சு. ஒரு வேன் புடிச்சு வாராங்க. டூட்டி மாத்திட்டுக்கூட வாராங்க. குகதாசன் அய்யாகிட்டயும் சொல்லிட்டேன். முன்னுக்கு வந்து ஒக்காருங்கய்யா, எங்க மலையகத்துப் பாட்ட ஒரு தரம் கேட்டுப் பாருங்கன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு." சிவனு அண்ணனும் சிரித்தார். "வெள்ளிக்கெழம பாப்போம்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்த நடையோடு பஸ் ஏறினேன்.

கால்வின் வருகிறார்

வியாழக்கிழமை காலை அச்சகக் கதவு திறந்தது. கதவின் உயரம் போதாமல் குனிந்து உள்ளே வந்தவர், தன் நோட்டீஸைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்பதாகச் சொன்னார். "நான் கால்வின்."

மேசையில் கிடந்த நோட்டீஸை ஒருதரம் பார்த்தேன், அவரை ஒருதரம் பார்த்தேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி. அதன் வடக்கே மேட்டு நிலம். அதற்குப் பெயர் ஹில் கன்ட்ரி. அங்கே வயலில் உழைத்த கறுப்பர்களின் துயரப் பாட்டு ப்ளூஸ். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று மாத ஒப்பந்தம், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே மெல்ல வாசிக்க. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாம் சொன்னார். பேச்சுத் துணை இல்லாத மனிதர்.

ஜூக் ஜாயின்ட் எழுத்துப் பிழை இல்லையாம். வாரம் முழுக்க வயலில் முதுகொடிந்தவர்கள் சனிக்கிழமை கூடும் தகரக் கொட்டகை. குடி, ஆட்டம், ஒரே பாட்டு ஒரு மணி நேரம். அவருக்கு வயது வருவதற்குள் பாதிக் கொட்டகை இடிந்துவிட்டது. மிச்சமிருந்த கிழவர்களின் வாசலில் போய் உட்கார்ந்து, விரல் பார்த்து விரல் படித்து, அதையே இன்றைய ஒலிபெருக்கியில் போட்டு ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருக்கிறார்.

"நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டால் இது செத்துவிடும்" என்றார். "ஹோட்டலில் அரை மணி நேரம் வாசிப்பேன். மானேஜர் காதருகே வந்து, 'சார், எப்போது பாட்டைத் தொடங்குவீர்கள்?' என்பார். எனக்குக் களைத்துப்போன மனிதர்கள் வேண்டும். அதனால்தான் கேம்பைக் கேட்டேன்."

"ஜமீல் பாய் சம்மதித்தாரா?"

"மூன்று நிபந்தனை." கால்வின் விரலை மடக்கினார். "தாரு மாஃபி. லேடீஸ் மாஃபி. டான்ஸ் மாஃபி. குடி கூடாது, பெண் கூடாது, ஆட்டம் கூடாது என்றால் அந்தக் கொட்டகையில் என்னதான் இருக்கும், சொல்லுங்கள்?"

"ஜூஸ் இருக்கும்" என்றேன், தலை குனிந்து.

இருந்தது. நோட்டீஸில் போட்டதைக் கொடுக்காவிட்டால் கேம்பில் கலாட்டா ஆகும் என்று ஜமீல் பாய் மாம்பழ ஜூஸ் பெட்டிகளுக்கு அப்போதே சொல்லிவிட்டிருந்தார்.

கால்வின் தமிழ் நோட்டீஸைக் கையில் வாங்கி, எழுத்துகளின் வளைவைத் தடவி, "பியூட்டிஃபுல்" என்றார். அவர் போனதும் நான் திருத்தம் அடித்தேன். 'மலையகப் பாடகர் என்பதை அமெரிக்கப் பாடகர் என்று திருத்திப் படிக்கவும்.' இருபது பிரதி. அச்சிட்டு முடித்தபோது சிவனு அண்ணனின் வெள்ளைக் கைகள் நினைவுக்கு வந்தன. ஒரு வேன். டூட்டி மாற்றிய ஆட்கள். முன்வரிசையில் குகதாசன்.

திருத்தத்தை உறைக்குள் போட்டேன்.

சுருதி சேர்க்கிறார்

இப்போது மேடைக்குத் திரும்பலாம்.

கூட்டத்தில் மூன்று வகை. நீலத்தை நம்பி வந்தவர்கள், பெட்ஷீட்டைப் பார்த்தபடி. ஜூஸை நம்பி வந்தவர்கள், மெஸ் கதவைப் பார்த்தபடி. மலையகத்தை நம்பி வந்தவர்கள், சலவை செய்த சட்டையோடு, வேனிலிருந்து இறங்கிய இருபத்திரண்டு பேர், கால்வினைப் பார்த்தபடி. வாய் திறந்திருந்தது. மூடவில்லை.

இசையை நம்பி வந்தவர் மேடையில் இருந்தார்.

கால்வின் வாசிக்கத் தொடங்கினார். ஒரே சுரக்கட்டு. கட்டை விரல் கீழே ஒன்றையே இடிக்கிறது, மற்ற விரல்கள் மேலே அதையே கிள்ளுகின்றன. வலது பூட்ஸ் பலகையில் தட், தட், தட். போகவும் இல்லை, வரவும் இல்லை. நின்ற இடத்திலேயே ஓடுகிற பாட்டு.

ஐந்து நிமிடம் ஆயிற்று.

"என்ன பண்றாரு?"

"சுருதி சேக்குறாரு."

பத்து நிமிடம்.

"நல்லாத்தான் சேக்குறாரு. பெரிய வித்துவானா இருக்கும்."

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த குகதாசன் திரும்பினார். சட்டைப் பையில் மூன்று பேனா. குரலை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்ன சிவனு, உங்கட ஆள் நல்லா வளந்திருக்கிறார். தேயிலைக்கு எந்த உரம் போடுறனீங்கள்?"

சிரிப்பு எழுந்து, கடைசி வரிசை வரை போய், திரும்பி வந்தது.

"எந்தத் தோட்டத்துப் பிள்ளை எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு பாப்பம்!"

இன்னொரு சிரிப்பு. வேனில் வந்த இருபத்திரண்டு பேரும் சிவனு அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பதினாலு வருடம் காத்திருந்த மனிதனை நாற்பது நோட்டீஸில் நான் அம்மணமாக்கியிருந்தேன். உறையைத் திறந்தேன். எழுந்து, 'தப்பு என்னுடையது' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

சிவனு அண்ணன் என்னைப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் திசையில் கண்ணை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரட்டு

ஓரத்தில் குப்பைக்கு வைத்திருந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று. சிவனு அண்ணன் அதைக் கவிழ்த்தார். உடைந்த பலகையிலிருந்து இரண்டு சிம்பை உருவினார். அடித்தார்.

கால்வினின் பூட்ஸ் விழும் இரண்டு இடிகளுக்கு நடுவே அந்த அடி போய் உட்கார்ந்தது. வெகுநாளாக அந்த இடம் அதற்காகக் காலியாக இருந்ததுபோல. கால்வினின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கையை நிறுத்தவில்லை. கண் மட்டும் டிரம்மைத் தேடியது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பரேடு என்ற சொல் மலை ஏறி அப்படியாயிற்று. ஆட்களைக் கூப்பிட அடிக்கும் பறைதான் பெரட்டுத் தப்பு. சிவனு அண்ணனின் அப்பா வருடக்கணக்கில் அதை அடித்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வேனில் வந்த இருபத்திரண்டு பேருக்கும் முன்பே தெரியும். அவர்கள் காலுக்குத் தெரியும். யாரும் யாரையும் பார்க்காமல் எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, சலவைச் சட்டையோடு, கை இரண்டும் தொங்க, மேடையை நோக்கி வரிசையில் நின்றார்கள்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே பஸ்ஸுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை, டெலிபோனுக்கு வரிசை. வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட வேண்டும். எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். யோசித்தவனுக்குத் தீர்ந்துபோயிருக்கும்.

கடலூர் எழுந்தது. ராமநாதபுரம் எழுந்தது. படத்துக்கு வந்தவர்கள், டிக்கெட்டுக்கு வரிசை என்று நினைத்து முண்டியடித்தார்கள். வங்காளிகள் வந்தார்கள், நேபாளிகள் வந்தார்கள். வரிசை மெஸ்ஸைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, தன் வாலையே தாண்டியது. டிரம் ஓங்கி விழுந்தது. நின்ற இடத்தில் முந்நூறு பேருடைய பாதமும் தரையை இடிக்கத் தொடங்கின.

ஜமீல் பாய் ஓடி வந்தார். "டான்ஸ் மாஃபி! டான்ஸ் மாஃபி!"

"டான்ஸ் நஹி பாய்" என்றேன். "லைன்."

அவர் பார்த்தார். நேரான வரிசை. ஒருவன் இடுப்புகூட அசையவில்லை. கால் மட்டும். வரிசையில் நிற்கும் தொழிலாளியைக் கலைக்கிற கேம்ப் பாஸ் உலகத்தில் இல்லை. மீசையைத் தடவினார். அறைக்குள் போய் ரிஜிஸ்தரை எடுத்துவந்து, மேடைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வரிசையின் தலையில் நின்றவனிடமிருந்து ஆஜர் எடுக்க ஆரம்பித்தார். பெயர் சொன்னவனுக்கு ஒரு ஜூஸ்.

கால்வினுக்குக் கண்ணில் தண்ணீர். உலகத்தின் மறுபக்கத்தில், ஒருவர்கூடச் சாய்ந்து உட்காராத ஒரு கொட்டகை கிடைத்துவிட்டது. முதல் ஆள் எதிரே வந்து நின்றதும், எதற்கென்று தெரியாமலே கிதாரை விட்டுக் கை கொடுத்தார். அடுத்த ஆளுக்கும் கொடுத்தார். பூட்ஸும் டிரம்மும் மட்டும் நிற்கவில்லை.

வரிசையின் நடுவில் மூன்று பேனா தெரிந்தது.

"நீங்கள் எதுக்கு நிக்கிறியள்?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

குகதாசன் முன்னால் எட்டிப் பார்த்தார். "தெரியேல்ல. எல்லாரும் நிக்கினம். விட்டா முடிஞ்சிடுமெல்லோ."

அவர் பாதமும் இடித்துக்கொண்டிருந்தது.

கேள்வியும் பதிலும்

எல்லோரும் கை குலுக்கி முடித்த பிறகு சிவனு அண்ணன் சிம்பைக் கீழே வைத்தார். உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்தது. ஆள் இல்லாத வரிசையின் கடைசி ஆளாகப் போய்க் கால்வின் முன்னால் நின்றார். ஜூஸ் குடித்தபடி கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. குகதாசனும்தான்.

"ஹில் கன்ட்ரி?" என்றார் கால்வின், டிரம்மைக் காட்டி.

"யெஸ் சார். ஹில் கன்ட்ரி."

"மீ டூ!"

குகதாசன் கேலியாகப் போட்ட கேள்வியைச் சிவனு அண்ணன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுச் சொல் என்றார்கள்; கேட்டார்.

"சார், விச் எஸ்டேட்?"

கால்வின் ஜூஸ் பெட்டியை இறக்கிவைத்தார். ரொம்ப நேரம் பேசினார். பாதி எனக்கே புரியவில்லை. தாத்தா, அவர் அப்பா, அடுத்தவன் நிலம், பருத்தி, விடியலில் மணி. சிவனு அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தேயிலைத் தோட்டத்தை மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரித்திருப்பார்கள்; நடுவில் அதைப் பற்றி ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்டார். "சார், அப்பர் டிவிஷன்? லோயர் டிவிஷன்?"

கால்வின் புருவம் சுருங்கி விரிந்தது. "அப்பர்" என்றார் உறுதியாக. "கீழே ஆற்றங்கரைக்காரர்கள் வேறு. அவர்கள் வாசிப்பது வேறு. நாங்கள் மேலே."

என் காலடியில் உறை விழுந்து, திருத்தங்கள் சிதறியிருந்தன. சிவனு அண்ணன் வந்து ஒன்றை எடுத்துப் படித்தார். மெதுவாகப் படிக்கிறவர்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "தெரியாம எழுதிட்டேன். அவரு மலையகம் இல்ல."

"யாரு சொன்னது?" என்றார். "நானே கேட்டேனே தம்பி. தொர இருந்திருக்கான், கங்காணி இருந்திருக்கான், வரிச வீட்டு லயம் இருந்திருக்கு. பெரட்டு இருந்திருக்கு. பயிருதான் வேற. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க." திருத்தத்தை நாலாக மடித்து என் பையில் திணித்தார். "ஒண்ணுதான் விட்டுட்டீங்க."

"நீலமா?"

"அது என்ன எழவோ, எனக்குத் தெரியாது. பேனா குடுங்க."

என்னிடம் பேனா இல்லை. குகதாசன் தன் மூன்றில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

சிவனு அண்ணன் மெஸ் சுவருக்குப் போனார். என் நோட்டீஸில் கால்வின் என்ற பெயருக்குக் கீழே, இடம் போதாமல் எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதினார்:

'பருத்தித் தோட்டம், மேல்பிரிவு.'